வாசகர் கேள்வி–பதில்: ‘காஃப்காயெஸ்க்’ என்ற ஒரு சொல்

சென்ற மாதம் இப்பகுதியில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ‘காஃப்காயெஸ்க்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்திவிட்டு, அதற்கு விளக்கம் தராமல் நகர்ந்துவிட்டேன். அந்தச் சோம்பலுக்குத் தண்டனையாக, சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் வேறு எதையும் தொடப்போவதில்லை.

கேள்வி: கோலாலம்பூரில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மழை கொட்டி, மின்சாரம் போய், பந்தலும் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதைப் பார்த்து அவன் “ஒரே காஃப்காயெஸ்க்” என்றான். பொருள் கேட்டால் “பயங்கரமான நிலைமை” என்கிறான். பயங்கரமான எதையும் அப்படிச் சொல்லலாமா? அது எந்த மொழிச் சொல்? — வாசகி, பாகான் செராய்

பதில்: அகராதியைப் பிரித்தால், உங்கள் மகன் சொன்ன பொருளுக்குப் பக்கத்தில்தான் அதுவும் நிற்கும், அம்மா. பேய்க்கனவைப் போலக் குழப்பி அச்சுறுத்துகிற நிலை என்றுதான் அதில் இருக்கும். ஆனால் பந்தல் சரிந்ததற்கு இச்சொல் பொருந்தாது. மழைக்கும் காற்றுக்கும் பந்தல்காரர் கட்டிய கயிற்றுக்கும் அதில் பங்கு உண்டு. காரணம் கேட்டால் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். மறுநாள் நீங்கள் இழப்பீடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே உங்களை மிகவும் மரியாதையாக உட்காரவைத்து, அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு கோயில் இருப்பதாகப் பதிவே இல்லை என்று சொல்லி, இல்லாத கோயிலுக்கு அனுமதியின்றித் திருவிழா நடத்தியது ஏன் என்று உங்களிடமே விளக்கக் கடிதம் கேட்க, நீங்களும் வீட்டுக்கு வந்து, நாம் ஏதோ தவறு செய்துவிட்டோம் போலிருக்கிறதே என்று அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தால், அந்த இடத்தில்தான் காஃப்காயெஸ்க் தொடங்குகிறது.

இது ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்த சொல். ஃபிரான்ஸ் காஃப்கா 1883-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், அப்போது ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பிராக் நகரில், ஜெர்மன் மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். செக் மொழியில் ‘காவ்கா’ என்பது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவையின் பெயர். அவருடைய தந்தை தம் கடைக்கும் அந்தப் பறவையையே சின்னமாக வைத்திருந்தார். காஃப்கா என்ற பெயரைக் கேட்டவுடன் நமக்குக் காக்கா நினைவுக்கு வருவது வெறும் ஒலி ஒற்றுமைதான் என்றாலும், குறி என்னவோ தப்பவில்லை. பெயரோடு ஒட்டியிருக்கும் ‘எஸ்க்’ என்ற விகுதி இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘அதைப் போன்ற’, ‘அந்தப் பாணியிலான’ என்று அதற்குப் பொருள். சித்திரம் போன்ற காட்சியைப் ‘பிக்சரெஸ்க்’ என்பதும், விகார உருவத்தைக் ‘குரோட்டெஸ்க்’ என்பதும் இதே விகுதியால்தான். பின்னதில் இருப்பது குகை என்ற பொருள்படும் இத்தாலியச் சொல். ரோமாபுரியில் மண்ணுக்குள் புதைந்து குகைகளைப் போல் ஆகிவிட்ட பழைய மாளிகை அறைகளின் சுவர்களில் கண்ட விசித்திர ஓவியங்களுக்கு முதலில் இட்ட பெயர் அது.

காஃப்கா தம் வாழ்நாளில் சில சிறிய நூல்களை மட்டுமே வெளியிட்டார். காசநோயால் 1924-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், 40 வயதில், வியன்னாவுக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவ இல்லத்தில் இறந்தார். கையெழுத்துப் படிகள் அனைத்தையும் படிக்காமலேயே எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதிவைத்திருந்தார். பிராட் எரிக்கவில்லை. ‘விசாரணை’ 1925-லும், ‘கோட்டை’ 1926-லும், முற்றுப்பெறாத நாவல்களாகவே வெளிவந்தன. எட்வின் மியூர், வில்லா மியூர் என்ற தம்பதியர் ‘கோட்டை’யை 1930-இலும் ‘விசாரணை’யை 1937-இலும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிறகே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர் பெயர் பரவியது. அந்த முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்துதான் ‘காஃப்காயெஸ்க்’ என்ற சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, எழுத்தாளரைப் படிக்காதவர்களின் வாயிலும் அது புழங்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மகனை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கூட்டம் பெரியது.

‘விசாரணை’யின் முதல் காட்சியைச் சொன்னால் சொல்லின் பொருள் கைக்கு வந்துவிடும். யோசெஃப் கே. என்ற வங்கி அதிகாரி தமது 30-ஆவது பிறந்த நாள் காலையில், எந்தத் தவறும் செய்யாமலேயே, தம் அறையில் கைது செய்யப்படுகிறார். வந்த காவலர்கள் அவருடைய பசியாறலையும் தாங்களே தின்றுவிட்டு, பணம் கொடுத்தால் எதிர்க் கடையிலிருந்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். குற்றம் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது. கைதாகிவிட்டாலும் வழக்கம்போல வேலைக்குப் போகலாம் என்கிறார்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை. ஒன்பது மணி என்று அவரே ஊகித்துக்கொண்டு கிளம்பி, ஏழைகள் வாழும் ஓர் அடுக்குக் கட்டடத்தில் படிப்படியாக ஏறி இறங்கித் தேடிக் கண்டுபிடித்துப் போனால், ஒரு மணி ஐந்து நிமிடம் தாமதம் என்று நீதிபதி கண்டிக்கிறார். யாரும் சொல்லாத நேரத்துக்குத் தாமதமாக வந்தவர் ஆகிவிடுகிறார் அவர். கடைசி அத்தியாயத்தில் இரண்டு பேர் அவரைக் கொல்ல அழைத்துப் போகும் வழியில், ஒரு போலீஸ்காரர் சந்தேகப்பட்டு நெருங்குகிறார். அப்போது அந்தக் கொலையாளிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் கே.தான். அதுவரை அவரை யாரும் அடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. எல்லா இடங்களுக்கும் தாமாகவே போயிருக்கிறார். இந்த ஒத்துழைப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய பயங்கரம் நடந்தாலும், அதற்கு வேறு சொல்லைத் தேடிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கேள்வி: மனிதன் பூச்சியாக மாறுகிற கதையை எழுதியவர்தானே காஃப்கா? அப்படியானால் நடக்கவே முடியாத விபரீதம் நடப்பதுதானே காஃப்காயெஸ்க்? — ஆசிரியர் பயிற்சி மாணவர், ஈப்போ

பதில்: அவர்தான், தம்பி. 1915-இல் வெளிவந்த ‘உருமாற்றம்’ அந்தக் கதை. ஆனால் மனிதன் வேறு உயிராக மாறுவது நமக்குப் புதிதா? சாபத்தால் கல்லானவளும் சிலந்தியானவனும் நம் புராணங்களில் நிறைய இருக்கிறார்கள். அங்கெல்லாம் சாபம் கொடுத்தவர் யார் என்று தெரியும், காரணமும் சாபவிமோசனமும் தெரியும். கிரகோர் சாம்சாவுக்கு அவற்றில் எதுவுமே தெரியாது, அவன் கேட்பதும் இல்லை. முதுகு ஓடாகி, கால்கள் பலவாகி, புரள முடியாமல் படுக்கையில் கிடக்கும்போது அவன் கவலைப்படுவது ஐந்து மணி ரயிலைத் தவறவிட்டுவிட்டோமே என்பதற்காகத்தான். கடிகாரம் ஆறரையைக் காட்டுகிறது. சற்று நேரத்தில், ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு நிறுவனத்தின் மேலாளரே வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பதற்கு, மணி அடித்தும் போகாதவரைத் தேடி மேற்பார்வை பார்க்கும் மண்டோர் லயத்து வாசலில் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். உள்ளே படுத்திருப்பவர், தமக்கு ஆறு கால்கள் முளைத்திருக்கின்றன என்பதை விட்டுவிட்டு, இன்றைக்குப் பேர் விழாதே, அரைநாள் சம்பளம் போகுமே என்று துடிக்கிறார். பூச்சியாவது விபரீதம், பூச்சியான பிறகும் பெரட்டை நினைப்பதுதான் காஃப்காயெஸ்க்.

கேள்வி: ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்’ என்ற நம் பழமொழி இதே பொருளைத் தருகிறதல்லவா? நம்மிடம் இல்லாத புதிய கருத்தா இது? — வாசகர், தெலுக் இந்தான்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பழமொழி மிகவும் நெருங்கி வருகிறது, ஆனால் ஓர் இடத்தில் பிரிந்துவிடுகிறது. ‘விசாரணை’க்குள்ளேயே வருகிற, காஃப்கா தனியாகவும் வெளியிட்ட, ஒரு குட்டிக்கதை இருக்கிறது. நாட்டுப்புறத்து மனிதன் ஒருவன் சட்டத்தைத் தேடி வருகிறான். கதவு திறந்தேதான் இருக்கிறது. வாசலில் ஒரு காவலாளி நிற்கிறான். உள்ளே போகலாமா என்று கேட்டால், பிறகு போகலாம், இப்போது முடியாது என்கிறான். தடையை மீறி நுழைந்து பார் என்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஆனால் உள்ளே கூடத்துக்குக் கூடம் என்னைவிட வலிமையான காவலாளிகள் நிற்கிறார்கள், மூன்றாமவனின் முகத்தை என்னாலேயே பார்க்க முடியாது என்கிறான். உட்கார ஒரு முக்காலி தருகிறான். மனிதன் பல ஆண்டுகள் அதில் உட்கார்ந்திருக்கிறான். கையில் இருந்ததையெல்லாம் லஞ்சமாகக் கொடுக்கிறான். முயற்சி எதையும் விட்டுவிட்டோம் என்று நீ வருந்தக்கூடாது என்பதற்காகவே வாங்கிக்கொள்கிறேன் என்று காவலாளி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்கிறான். சாகும் தறுவாயில் மனிதன், இத்தனை ஆண்டுகளில் வேறு யாரும் இந்த வாசலுக்கு வரவில்லையே, ஏன் என்று கேட்கிறான். இந்த வாசல் உனக்காக மட்டுமே இருந்தது, இப்போது அதை மூடப்போகிறேன் என்று காவலாளி பதில் சொல்கிறான்.

நம் பழமொழியில் சாமி வரம் கொடுத்துவிட்டது; அதில் சந்தேகமே இல்லை. இடையில் ஒருவன் மறிக்கிறான், அவனைத் திட்டலாம், தட்சிணை வைத்துச் சரிக்கட்டலாம், அவனைத் தாண்டியும் போகலாம். காஃப்காவின் வாசலில் உள்ளே சாமி இருக்கிறதா என்பதே தெரியாது. பூசாரியும் அதைப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசாரிக்காமல் கொல்லப்பட்ட மனிதனின் கதை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கோவலன்மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும்: அரசியின் சிலம்பைத் திருடியது. பொய்யைச் சொன்ன பொற்கொல்லனையும் தெரியும். கண்ணகி அரண்மனை வாசலுக்குப் போய் வாயில்காவலனிடம் சொன்னவுடன் அவன் உள்ளே ஓடிச் சொல்கிறான், அரசன் அவளை வரச் சொல்லிக் கேட்கிறான், சிலம்பு உடைகிறது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது, தானே கள்வன் என்று சொல்லி அரசன் உயிர்விடுகிறான். கொடுமைதான், மதுரையே எரிகிற கொடுமை. ஆனாலும் அது காஃப்காயெஸ்க் அன்று. வாயில்காவலனுக்குப் பின்னால் ஓர் அரசன் இருந்தான், அவன் காதில் விழுந்தது, தவறு இன்னாருடையது என்று ஓர் ஆள்மீது நின்றது. யோசெஃப் கே.யின் நீதிமன்றத்தில் உடைப்பதற்குச் சிலம்பும் இல்லை, உடைந்தால் பார்ப்பதற்கு அரசனும் இல்லை.

கேள்வி: அரசு அலுவலகங்களில் அலைந்து நொந்துபோனவராகத்தான் காஃப்கா இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்படி எழுத முடியுமா? — ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளியின் மகள், கோலகங்சார்

பதில்: எதிர்பாராத இடம் இதுதான். அவர் முகப்பின் வெளியே வரிசையில் நின்றவர் அல்லர், உள்ளே உட்கார்ந்திருந்தவர். சட்டப் படிப்பில் 1906-இல் பட்டம் பெற்ற அவர், 1908 முதல் 1922-இல் நோயால் ஓய்வு பெறும்வரை, பொஹீமிய இராச்சியத்தின் தொழிலாளர் விபத்துக் காப்புறுதிக் கழகத்தில் வேலை செய்தார். நமக்குத் தெரிந்த பெயரில் சொல்வதானால், அந்த ஊரின் சொக்சோ. எந்தத் தொழிற்சாலையில் ஆபத்து எவ்வளவு என்று வகைபிரிப்பது, அந்த வகைப்பாட்டை எதிர்த்து முதலாளிகள் போடும் மேல்முறையீடுகளுக்குப் பதில் எழுதுவது, ஆலைகளை நேரில் பார்த்து வருவது ஆகியவை அவருடைய பணிகள். மரம் இழைக்கும் இயந்திரங்களில் சதுர வடிவத் தண்டில் கத்திகளைப் பொருத்தியிருந்ததால் விரல்கள் இடுக்கில் சிக்கித் துண்டாகிக்கொண்டிருந்தன. அதற்குப் பதில் உருளை வடிவத் தண்டைப் பயன்படுத்த வேண்டும் என்று, படங்களோடு அவர் எழுதிய அறிக்கை இன்றும் கிடைக்கிறது. ரப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் இயந்திரத்தில் கை கொடுத்தவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த அறிக்கையின் அருமை சற்றுக் கூடுதலாகவே புரியும். காயம்பட்ட தொழிலாளர்கள் அலுவலகத்தை அடித்து நொறுக்காமல் மனுவோடு வந்து கெஞ்சி நிற்கிறார்களே, எவ்வளவு அடக்கமான மனிதர்கள் என்ற பொருளில் அவர் வியந்து சொன்னதை மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார். மதியம் இரண்டு மணிவரை அலுவலகம், இரவில் எழுத்து என்பதே அவர் வாழ்க்கை. ஆகவே அவரை அலுவலகத்தால் நொந்த மனிதர் என்பதைவிட, மனசாட்சி உறுத்திய கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், என்று சொன்னால் எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

கிராணி என்ற சொல்லை நான் சும்மா எடுத்தாளவில்லை. என் தந்தை ஒரு தோட்டத்துக் கிராணி. சில மாதங்களுக்கு முன், அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டிக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடே எண்பது வயதைத் தாண்டிவிட்டவர். தாள்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்: அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கோயில் நன்கொடைச் சீட்டு, மடிப்பில் நூலாய்ப் பிரிந்துவிட்ட ஒரு தோட்டத்துச் சம்பளச் சீட்டு. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டார். மூன்று தாள்களில் மூன்று விதமாகப் பெயர் இருந்தது. ஒன்றில் ‘ஆள்’ என்று முடிந்தது, ஒன்றில் வெறும் ‘ஆ’வோடு நின்றது, சம்பளச் சீட்டில் நடுவே ஓர் எழுத்துக் கூடியிருந்தது. மூவரும் ஒருவரே என்று தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வேண்டும் என்றார் அந்தப் பெண். தோட்டம் செம்பனையாகி, பிறகு விற்கப்பட்டு, பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது என்று சொன்னேன். அப்படியானால் அப்போதைய கிராணியின் உறுதிமொழி போதும் என்றார். தலையைச் சாய்த்து, “மாஃப் யா, ஆண்ட்டி” என்று இரண்டு முறை சொன்னார்.

அந்தச் சம்பளச் சீட்டிலிருந்த கையெழுத்து என் தந்தையுடையது. அவருடைய ‘ள’கரத்தின் வால் எனக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரட்டுக் களத்தில், அரைகுறை வெளிச்சத்தில், காதில் விழுந்தபடி அவர் சேர்த்துவிட்ட ஓர் எழுத்துக்கு, அவரே திரும்பி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நான் மூதாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அவர் டின்னை மூடிக்கொண்டே, “தப்பு எம்மேலதான் இருக்கும் வாத்தியாரே. அன்னிக்கு ஐயாகிட்ட பேர ஒழுங்கா சொல்லியிருக்க மாட்டேன்” என்றார்.

எத்தனையோ விளக்கங்களைப் படித்திருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு அந்த வாக்கியத்தைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அங்கே கொடியவர் என்று சுட்டிக்காட்ட யாரும் இல்லை. முகப்புப் பெண் நல்லவர், விதி நியாயமானது, என் தந்தையும் வேண்டுமென்று எழுதியவர் அல்லர். பிறகு சத்தியப் பிரமாணம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறோம். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

கேள்வி: என் மனைவியின் தம்பிக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க அடையாள அட்டை கேட்கிறார்கள், அடையாள அட்டை எடுக்கப் பிறப்புப் பத்திரம் கேட்கிறார்கள். இது காஃப்காயெஸ்க்கா, ‘கேட்ச்-22’ என்கிறார்களே, அதுவா? — வாசகர், பீடோர்

பதில்: இரண்டாவது. ‘கேட்ச்-22’ என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜோசஃப் ஹெல்லர் 1961-இல் வெளியிட்ட போர் நாவலின் பெயர். மனநலம் கெட்டவன் என்றால் குண்டுவீச்சு விமானத்தில் பறப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விலக்கு வேண்டும் என்று அவனே கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், ஆபத்துக்கு அஞ்சத் தெரிந்திருக்கிறது, ஆகவே மனநலம் சரியாக இருக்கிறது என்று மறுபடி பறக்க அனுப்பிவிடுவார்கள். முடிச்சு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் மைத்துனரின் சிக்கலையும் அப்படியே ஒரு வரியில் சொல்ல முடிகிறது. கேட்பவர் எவரும் உடனே அதன் அபத்தத்தைப் பிடித்துக்கொள்வார். காப்பிக்கடையில் சொன்னால் சிரிக்கவும் செய்வார்கள்.

காஃப்காவில் விதி என்ன என்பதே பிடிபடாது. ‘கோட்டை’ நாவலில் கே. என்ற நில அளவையாளர், கோட்டை நிர்வாகம் அழைத்ததாக நம்பி ஒரு கிராமத்துக்கு வருகிறார். இங்கே சர்வேயர் யாருக்கும் தேவையில்லையே என்கிறார் ஊர்த் தலைவர். எப்போதோ ஒரு துறை சர்வேயர் வேண்டுமா என்று கேட்டதாம், வேண்டாம் என்று ஊர் எழுதிய பதில் வேறொரு துறைக்குப் போய்விட்டதாம், அங்கே போய்ச் சேர்ந்ததும் வெறும் உறைதானாம். மூட்டுவலியில் படுத்திருக்கும் தலைவர் அந்தக் கோப்பைத் தேடச் சொல்ல, அவர் மனைவி அலமாரியைத் திறக்கிறார்; காகிதக் கட்டுகள் அறை முழுவதும் சரிகின்றன. கோப்பு கிடைப்பதில்லை. கடைசியில் அலமாரியைத் தரையில் கிடத்தி, எல்லாவற்றையும் உள்ளே திணித்து, கதவின் மேல் உட்கார்ந்து அழுத்தி மூடப் பார்க்கிறார்கள். இதிலும் சிரிக்கலாம், காஃப்காவே தம் நண்பர்களுக்குப் படித்துக் காட்டும்போது சிரித்திருக்கிறார். ஆனால் கே. எந்த விதியின்படி வந்தார், எந்த விதியின்படி போக வேண்டும் என்பதை ஒரு வரியில் யாராலும் சொல்ல முடியாது.

கூடவே ‘ஆர்வெல்லியன்’ என்ற சொல்லையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஆளைக் கண்காணித்து, பொய்யை மெய்யென்று சொல்லவைக்கும் அதிகாரத்தைப் பற்றியது. அங்கே அதிகாரத்துக்கு உங்களை நன்றாகத் தெரியும். காஃப்காவில் அதற்கு உங்களைத் தெரியுமா என்பதே சந்தேகம்.

கேள்வி: தமிழில் இதற்கு ஒரு சொல் தரக்கூடாதா? உச்சரிப்பதற்கே நாக்கு சுளுக்குகிறது. — பல வாசகர்கள்

பதில்: ஆங்கிலத்தில் கடைசி அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்கிறார்கள், ‘காஃப்கஎஸ்க்’ என்று கேட்கும். தமிழில் முயன்று பார்த்தேன். ‘பேய்க்கனவு’ என்றால் அதிலிருந்து விழித்துக்கொள்ளலாம். ‘அலைக்கழிப்பு’ பாதிப் பொருளைத்தான் தாங்குகிறது; அலைகிறவரின் மனத்துக்குள் நுழையும் குற்ற உணர்வு அதில் இல்லை. ‘சிவப்பு நாடா’ வெறும் தாமதம். செக் மக்கள் இதில் நம்மைவிடத் துணிச்சல்காரர்கள். அவர்கள் மொழியில் ‘ஆர்னா’ என்ற விகுதி இடத்தைக் குறிக்கும். காப்பிக்கடைக்குக் ‘காவார்னா’ என்று பெயர். அதே விகுதியை எழுத்தாளர் பெயரோடு சேர்த்துக் ‘காஃப்கார்னா’ என்று அன்றாடப் பேச்சில் சொல்லிக்கொள்கிறார்கள். தபால் நிலையத்தில் ஒரு மணி நேரம் வீணாய்ப் போனால்கூட அங்கே அதுதான் சொல். அவ்வளவு மலிவாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் பரிந்துரை ‘காஃப்காத்தனம்’, பெயரடையாகக் ‘காஃப்காத்தனமான’. ‘தனம்’ நம் விகுதி, அசட்டுத்தனம், குறும்புத்தனம் என்று எதன் பின்னாலும் ஒட்டும். முதல் முறை எழுதும்போது மட்டும் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். அப்படிச் செய்யாமல் நான் பட்ட பாடுதான் இந்தப் பக்கங்கள்.